பழுது இருக்கும் இடம் வேறு, தெரியும் இடம் வேறு

"எம்சிபி அடிக்கடி விழுகிறது, கொஞ்சம் பெரியதாக ஒன்று போட்டுக் கொடுத்துவிடுங்கள்." (எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்.) வீட்டுப் பராமரிப்பு வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இந்த ஃபோன் வராத மாதமே கிடையாது என்பார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பழுது அதுதான்: கரண்ட் போகிறது, லீவரைத் தூக்கிவிட்டால் வருகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுகிறது. விழாத ஒன்றைப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று நினைக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், கேட்டதும் சரி என்று மாற்றிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு கிளம்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கும் திருப்தி, வந்தவருக்கும் திருப்தி, சுவருக்குள் இருக்கிற வயருக்குத்தான் கஷ்டகாலம்.

எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்ற. டிவியையும் ஃப்ரிட்ஜையும் காப்பாற்ற என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் பெரியது போட்டால் என்ன என்று தோன்றுகிறது. விளக்கு, ஃபேனுக்குப் போகிற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 10 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டால், 25 ஆம்பியர் ஓடினாலும் அது அசையாது. அசையக் கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். சுமார் 36 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் விழாமல் நிற்க வேண்டும் என்பதே அதற்கான தர விதி. வயர் மேலுள்ள சாதாரண பிவிசி உறைக்கு எல்லை 70 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டித் தாண்டிச் சூடேறினால் உறை காய்ந்து முறுகி, பிறகு யாராவது வயரை லேசாக வளைத்தாலே பொலபொலவென்று உதிரும். இவ்வளவும் பைப்புக்குள்ளே நடப்பதால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து.

விவரமான எலக்ட்ரீஷியன் இந்த ஃபோனுக்குப் பதிலாகக் கேள்விதான் கேட்பார். தூக்கிவிட்ட உடனே விழுகிறதா, அரை மணி நேரம் கழித்து விழுகிறதா? கீசரும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடும்போதா? மழை பெய்தால் மட்டுமா? உடனே விழுந்தால் எங்கோ ஷார்ட். நேரம் கழித்து விழுந்தால் லோடு கூடுதல், அல்லது எம்சிபியின் திருகு லூசாகி அந்த இடமே சூடாகி அந்தச் சூட்டில் அது விழுகிறது. மழைக்கு மட்டும் என்றால், விழுவது எம்சிபியா, மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியா என்று பார்க்கச் சொல்வார், ஏனென்றால் வெளிப்புற விளக்கில் தண்ணீர் இறங்கி மின்கசிவு ஏற்பட்டால் விழுவது பெரும்பாலும் ஆர்சிசிபிதான். வீடுகளில் போடுவது 30 மில்லிஆம்பியர் ரகம். உயிரைக் காப்பது அது. "அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிட்டேன், இனிமேல் விழாது" என்று ஒருவர் சொன்னால், விழாது, உண்மைதான். அவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஆர்சிசிபி காரணமே இல்லாமல் விழுகிறது என்று சொல்லும் வீடுகளில் பலமுறை நான் பார்த்தது, இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போகும் வயரை) ஏதோ ஒரு சுவிட்ச் பாக்ஸில் ஒன்றாக முறுக்கி வைத்திருப்பார்கள். ஒரு ஆர்சிசிபி வழியாகப் போன கரண்ட் வேறொன்றின் வழியாகத் திரும்பினால், அது கசிவு என்றே எடுத்துக்கொண்டு விழுந்துவிடும். அந்த முறுக்கலைத் தேட ஒரு முழு நாள் கூட ஆகலாம். கண்டுபிடித்த பிறகு சரிசெய்வது ஒரு நிமிட வேலை. வீட்டுக்காரர் பார்ப்பது அந்த ஒரு நிமிடத்தை மட்டும்.

இன்னொன்றையும் கிட்டத்தில் வைத்துக் காட்ட வேண்டும். கீசர் பிளக் பாயிண்டைப் போய்ப் பாருங்கள். மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் லேசாகப் பழுப்பேறியிருக்கிறதா? பிளக்கைச் செருகினால் கொஞ்சம் ஆடுகிறதா? "ஒரு பக்கமாக அழுத்தி வைத்தால் ஓடும்" என்று வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போயிருக்கும். லூஸ் கான்டாக்ட் என்று சாதாரணமாகச் சொல்கிறோம், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். அந்தத் தொடுமுனையில் 0.2 ஓம் தடை ஏற்பட்டு அதில் 15 ஆம்பியர் ஓடினால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 45 வாட் வெப்பம் உருவாகிறது. ஒரு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் ஆன் செய்து வைத்தது போலத்தான். எம்சிபி விழுமா? விழாது. ஓடுவது வழக்கமான கரண்ட்தானே, கூடுதலாக ஒன்றுமில்லை. ஆர்சிசிபியும் விழாது, கசிவு இல்லையே.

இங்கேதான் தெரிந்த ஆளுக்கும் தெரியாத ஆளுக்கும் வித்தியாசம் வெளிப்படும். தெரியாதவர் புது சாக்கெட் வாங்கி வந்து, கருகிப்போன அதே வயர் நுனியை அதில் செருகித் திருகிவிட்டுப் போவார். கொஞ்ச மாதத்தில் அதுவும் கருகும், கம்பெனி சரியில்லை என்று சொல்லி அடுத்ததைப் போடுவார். தெரிந்தவர் கருத்த நுனியை வெட்டுவார், உள்ளே செம்பு பளபளவென்று வரும் வரைக்கும் வெட்டுவார், நீளம் பற்றவில்லை என்றால் வயரையே மாற்ற வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்வார், திருகை இறுக்கிவிட்டு வயரை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அப்புறம் கீசரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சாக்கெட்டின் முகப்பிலும் பிளக்கிலும் புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையை மூடுவார்.

தண்ணீர்க் கசிவுக்கு வருவோம். பெயின்ட் கொப்பளித்த இடத்தைச் சுரண்டி, வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருக்கும் ஒரு டப்பாவை வாங்கி உள்பக்கமாகப் பூசுவதுதான் ஊரறிந்த வைத்தியம். தண்ணீர் சுவருக்குள் வந்துகொண்டே இருக்கும்போது உள்பக்கத்தை அடைத்தால் அது அந்தப் பூச்சையும் தள்ளிக்கொண்டு வரும், கூடவே வெள்ளையாக உப்பும் பூக்கும், அல்லது இரண்டடி தள்ளி வேறு இடத்தில் ஓதம் காட்டும்.

அனுபவமுள்ள பிளம்பர் கறையைப் பார்த்ததும் உளியை எடுக்க மாட்டார். எப்போதுமே ஈரமா, குளித்த பிறகு மட்டுமா, மழைக்கு மட்டுமா என்று கேட்பார். எப்போதும் என்றால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் பைப்பைச் சந்தேகிக்கலாம். குளித்த பிறகு என்றால் கழிவுநீர் பைப், தரையிலுள்ள டிராப்பின் (தண்ணீர் இறங்கும் வடிகால் வாயின்) ஓரம், டைல்ஸ் இடுக்கு. மழை என்றால் மொட்டை மாடியோ வெளிச்சுவர் விரிசலோ. அதற்கப்புறம் சோதனை. வீட்டுக்குத் தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு முள் நகர்கிறதா என்று பார்ப்பார். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கலர் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் காத்திருந்தால் டாய்லெட் பேசினில் கலர் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். பாத்ரூம் டிராப்பை அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கிவைத்துக் கீழ்த்தளத்தில் கறை வளர்கிறதா என்று ஒரு நாள் கவனிக்கலாம். இதில் எதற்குமே டைல்ஸ் உடைக்கத் தேவையில்லை. சோதிக்காமல் முதலில் உடைப்பவரிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது, உடைத்த பிறகு "இங்கே இல்லையே" என்பார்.

சீலிங்கில் லைட் பாயிண்ட் வழியாகத் தண்ணீர் சொட்டினால் பலரும் அதற்கு நேர் மேலே தோண்டச் சொல்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் வயருக்காகப் புதைத்த பைப் இருக்கிறதே, அறையின் ஒரு மூலையில் இறங்கிய தண்ணீர் அதற்குள்ளேயே ஓடிவந்து நடுவில் சொட்டும். கசிவைத் தேடுவதற்கு முன்னால் அந்த சர்க்யூட்டை ஆஃப் செய்துவிடுங்கள், தேடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதை அடைத்துக் கொடுத்த வீடும் உண்டு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடு மீறினால் கரண்டை நிறுத்தும் கட்-அவுட்டும் கைவிட்டால் கடைசியாக நிற்பது அந்த வால்வு மட்டும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். அதே மாதிரி ஏசியில் ஒவ்வொரு வருஷமும் கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்புகிறவர்கள். அது மூடிய சுற்று, கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் நிரப்புபவர் அடுத்த வருஷமும் வருவார்.

சரி, நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? பல நாடுகளில் மின்சார வேலைக்கும் கேஸ் வேலைக்கும் உரிமம் கட்டாயம், அது இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆனால் உரிமத்தை வைத்து மட்டும் கையை எடைபோட முடியாது. நான் பார்ப்பது வேறு. வேலையைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துகிறாரா, நிறுத்திய பிறகும் மீட்டர் வைத்துச் சோதிக்கிறாரா, அந்த மீட்டரே சரியாக இருக்கிறதா என்று கரண்ட் உள்ள இன்னொரு பாயிண்டில் வைத்துப் பார்க்கிறாரா? கடைசியில் சொன்னதைச் செய்பவர் கிடைத்தால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு அடையாளம், "இது என் வேலை இல்லை, கொத்தனாரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லத் தயங்காதவர். எல்லா வேலையும் தெரியும் என்பவரிடம் ஸ்க்ரூ ட்ரைவர் மட்டும்தான் இருக்கும், பெரும்பாலும். இடத்தைப் பார்க்காமலே ஃபோனில் விலை சொல்பவர், பார்த்த உடனே "மொத்தமும் மாற்ற வேண்டும்" என்பவர், இரண்டு பேரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

வேலைக்கு வரும் எங்கள் பக்கத்து மனக்குறையும் ஒன்று உண்டு. முன்னால் யார் வந்தார், என்ன செய்தார் என்பதைப் பலர் மறைத்துவிடுகிறார்கள். யூடியூப் பார்த்து நீங்களே திறந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், யாரும் திட்டப்போவதில்லை (மனதுக்குள் திட்டலாம்). சொல்லாவிட்டால் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டு பாதி நேரம் போகும், அந்த நேரத்துக்கும் காசு கொடுப்பவர் நீங்கள்தான்.

எல்லாவற்றுக்கும் ஆள் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குழாய் முனையில் வலையைக் கழற்றிக் கழுவுவது, ஏசி ஃபில்டரை அலசுவது, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துவது, மெயின் வால்வு இறுகிப்போகாமல் அவ்வப்போது திருகி வைப்பது, புழங்காத பாத்ரூமில் நாற்றம் வந்தால் டிராப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நீங்களே செய்யலாம். அடைப்பு எடுக்கிறேன் என்று ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒன்றாக ஊற்றுவது மட்டும் வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும்.

கடைசியாகக் காசு. ஒருவர் வந்து ஒரு மணி நேரம் சோதித்து, ஒரு திருகை இறுக்கிவிட்டு, "எதையும் மாற்றத் தேவையில்லை" என்று சொன்னால் பல வீடுகளில் முகம் மாறிவிடுகிறது. ஒன்றுமே மாற்றவில்லையே, எதற்குக் காசு? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நல்ல ஆளைக்கூட ஏதாவது ஒரு சாமானை மாற்ற வைத்துவிடுகிறோம், ஏனென்றால் சாமான் மாற்றினால்தான் அவருக்குக் கூலி கிடைக்கிறது. ஃபோனிலேயே, "பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு" என்று தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். பழுது எங்கே, ஏன் வந்தது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய பாகத்தை வாங்கி வையுங்கள். சுவரை மூடுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை ஃபோட்டோ எடுத்து வைத்துவிட்டால், அடுத்து வரும் ஆள் எங்கே ட்ரில் போடக் கூடாது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.