கிரெவாஸ்: பனிவெடிப்பா, பனிப்பிளவா?

பனியாறு நகரும்போது அதன் மேற்பரப்பு இழுபட்டு வாய் பிளக்கும். அந்த நீண்ட, ஆழமான பிளவுதான் கிரெவாஸ். சரிவு திடீரென்று செங்குத்தாகும் இடத்திலும், ஆறு வளையும் இடத்தின் வெளிப்பக்கத்திலும் அதிகம் காணலாம். சுமார் 30 முதல் 50 மீட்டருக்குக் கீழே அழுத்தம் மிகுந்து பனிக்கட்டி உடையாமல் இழைந்து நகர்வதால், பெரும்பாலான பிளவுகள் அந்த ஆழத்தோடு நின்றுவிடும்.

சொல்லின் வேர் லத்தீன் ‘க்ரெபாரே’: சடசடத்தல், வெடித்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் அதை இரண்டு முறை கடன் வாங்கியது. முதலில் வந்தது பாறை இடுக்கைக் குறிக்கும் ‘கிரெவிஸ்’. ஆல்ப்ஸ் மலைப் பயணிகளால் 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது ‘கிரெவாஸ்’. மிசிசிப்பி ஆற்றின் கரை உடைப்புக்கும் அமெரிக்காவில் இந்தப் பெயர் உண்டு. பிரெஞ்சில் தோல் வெடிப்பும் கிரெவாஸ்தான்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? பித்தவெடிப்பு என்கிறோமே, அந்த ‘வெடிப்பு’ வேர்ப்பொருளுக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் ‘பனிவெடிப்பு’ என்று படித்ததும் குண்டுவெடிப்பு நினைவுக்கு வந்து தொலைக்கிறது. சிலர் எழுதும் ‘பனிப்பள்ளம்’ தவறு. பள்ளம் என்பது ஓரிடத்துக் குழி. இதுவோ நெடுகப் போகும் கோடு. ஆகவே பனிப்பிளவு. அதை மேலே மூடிக் கிடக்கும் பனித் தட்டைப் பனிப்பாலம் எனலாம்.

பனியாற்றில் நடப்பவர்கள், ஒருவர் பிளவில் விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க, ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொள்வார்கள். பிளவு ஒரு கோடு என்பதை மறந்தால் அப்படிக் கயிறு கட்டியும் பயனில்லை. பிளவுகளுக்கு இணையாக நடக்கும் அணி, மொத்தமாக ஒரே பனிப்பாலத்தின் மேல் நிற்க நேரும். முடிந்தவரை குறுக்காகவே கடக்க வேண்டும்.

மூவர் அணிக்கு 50 மீட்டர் கயிறு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் 12 மீட்டர் விட்டால் 24 மீட்டர் போகும். மிச்சத்தை முன்னவரும் பின்னவரும் ஆளுக்கு 13 மீட்டராகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொள்வார்கள். நடுவில் இருப்பவர் பட்டர்ஃபிளை முடிச்சிட்டு (கயிற்றின் நடுவில் கண்ணி போடும் முடிச்சு), பூட்டுள்ள காரபினரால் (உலோகக் கொக்கி) ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் அணியும் பட்டை) இணைத்துக்கொள்வார். மிச்சக் கயிறு இடைவெளியைவிடக் குறைந்துவிடக் கூடாது. ஏனென்றால் விழுந்தவரின் கயிறு பிளவின் விளிம்பை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்துவிடும். அதைப் பிடித்து இழுத்துத் தூக்குவது கடினம். மிச்சக் கயிற்றின் முனையைத்தான் அவரிடம் இறக்க வேண்டியிருக்கும்.

இருவர் மட்டுமே என்றால் விழுகிறவரைத் தடுக்க ஒருவர் எடைதான் உண்டு. அதனால் இடைவெளியை 15 மீட்டருக்கு மேல் கூட்டி, நடுக் கயிற்றில் சில முடிச்சுகள் போடுவார்கள். அவை விளிம்பில் சிக்கி வேகத்தைக் குறைக்கும். அதே முடிச்சுகள் மீட்பின்போது கப்பியில் ஓடாது என்பதால், இருவர் அணிக்கு மிச்சக் கயிறு இன்னும் அதிகம் தேவை.

நடக்கும்போது கயிறு பனியை லேசாகத் தொட்டால் போதும். தொய்வு விட்டால் விழும் தூரமும் பின்னவரைச் சுண்டும் விசையும் கூடும். முன்னவர் சுருள் சுருளாகக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நடப்பது அடிக்கடி காணும் தவறு. புருசிக் வளையத்தை (எடை விழுந்தால் முதன்மைக் கயிற்றை இறுகப் பிடிக்கும் சிறு கயிற்று வளையம்; அதைப் பற்றி மேலே ஏறலாம்), 6 மில்லிமீட்டர் கயிற்றில், கிளம்பும் முன்பே கட்டிவிட வேண்டும். தொங்கும்போது கையுறையோடு அதைக் கட்டுவது பெரும்பாடு.