தவணை யார் கையில்?

"என்ன தம்பி, இன்றைக்கும் தவணையோ?"

கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் படிக்கட்டில் இப்படிக் கேட்டவர், வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஓர் அம்மா. மாதவாடகைக்குக் கொடுத்த வீட்டைவிட்டு வாடகைக்காரர் எழும்பவில்லை. வழக்குப் போட்டு நாலாவது வருடம். நான்தான் அவருடைய சட்டத்தரணி. அன்று எங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, தன் சீனியருக்கு வேறு நீதிமன்றத்தில் வழக்கு என்றார். "ஆட்சேபனை இல்லை" என்றேன். மூன்று மாதத் தவணை, அதாவது வழக்கு அத்தனை நாள் தள்ளிப்போயிற்று. எல்லாம் சிங்களத்தில் நடந்ததால் அம்மாவுக்கு விளங்கியது திகதி மட்டும்தான்.

நான் ஏன் ஆட்சேபிக்கவில்லை? அடுத்த மாதம் எனக்கும் அதே உதவி தேவைப்படும். தவணைக்குத் தவணை கட்டணம் வாங்கும் வழக்கமும் எங்களிடையே இருக்கிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

குடியியல் வழக்குகளை எப்படி நடத்துவது என்று சொல்லும் நமது இலங்கைச் சட்டமான குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889ஆம் ஆண்டுக்குரியது. வழக்கை நகர்த்துவது கட்சிக்காரர் வேலை, நீதிபதி நடுவர் என்ற எண்ணத்தில் வளர்ந்த முறை அது. ஆறு வாரத்துக்கு மேல் ஒத்திவைப்பதென்றால் விசேட காரணம் வேண்டும், அதைப் பதியவும் வேண்டும் என்று 143ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் இரு தரப்பும் தலையாட்டினால் போதும்.

இங்கிலாந்தும் இப்படித்தான் இருந்தது. வுல்ஃப் பிரபு என்ற நீதிபதியின் அறிக்கைகளைத் தொடர்ந்து 1999 ஏப்ரலில் புதிய விதிகள் வந்தன. வழக்கின் பெறுமதியையும் சிக்கலையும் பார்த்து அதை எந்தப் பாதையில் விடுவது, எந்தத் திகதிக்குள் எது முடிய வேண்டும் என்பதெல்லாம் நீதிபதி கைக்குப் போயிற்று. செலவு வழக்கின் தொடக்கத்திலேயே குவிகிறது என்ற குறை அங்கேயும் உண்டு. இங்கும் விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, முந்திய அமர்வு சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் கோப்பை முன்கூட்டியே வாசிக்க நீதிபதிக்கு நேரம் வேண்டும். ஒரு நாள் பட்டியலில் இத்தனை வழக்குகளைப் போட்டுவிட்டு "கட்டுப்படுத்துங்கள்" என்றால் அவர் எங்களை ஏசத்தான் முடியும். இடமாற்றம் வேறு. முன்னவர் பதிந்த சாட்சியத்தில் இருந்தே புதியவர் தொடரலாம் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், கோப்பை அவர் முதலிலிருந்து படிக்கத்தானே வேண்டும்?

வழக்குப் போட வருபவர்களுக்கு ஒன்று: காணி உறுதி, ஒப்பந்தம், கடிதம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் முதல் நாளே கொண்டு வாருங்கள். எதிராளி எதை மறுப்பார், எதை மறுக்க மாட்டார் என்று உங்கள் சட்டத்தரணியிடம் அன்றே கேளுங்கள்.

பிறகு அம்மாவின் வழக்குக்கு ஒரு புதிய நீதிபதி வந்தார். எழுவினாக்களை, அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகளை, பார்த்துவிட்டு, "உண்மையில் எதில் பிணக்கு?" என்று எங்கள் இருவரையும் கேட்டார். வாடகை உடன்பாடு ஒப்புதல். வீட்டுரிமையும் ஒப்புதல். வெளியேறும்படி அனுப்பிய அறிவித்தல் கிடைத்ததா என்பது மட்டுமே மிச்சம். இருபது நிமிடம்தான் எடுத்தது. அப்புறம் இரண்டே தவணையில் விளக்கம் முடிந்தது.

பதிவுத் தபால் பற்றுச்சீட்டு நாலு வருடமும் என் கோப்பில்தான் கிடந்தது.