ஒரு பைசாவும் ஒரு நிரலாளரும்

சென்ற ஆண்டு ஒரு கடன் சங்கத்துக்காக நாங்கள் உருவாக்கிய மென்பொருளில், கடன் தொகையைச் சமத் தவணைகளாகப் பிரிக்கும் பகுதியை, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு சில நிமிடங்களில் முடித்துவிட்டார். நிரல் நேர்த்தியாக இருந்தது. அதைச் சோதிக்கும் நிரலையும் அதே கருவியே எழுதியிருந்தது. சோதனைகள் யாவும் தேறின. மாத இறுதியில் பேரேடு பொருந்தாதபோதுதான் பிழை தெரிந்தது. 1000 ரூபாயை மூன்றாகப் பிரித்தால் தவணைக்கு 333.33 ரூபாய், கூட்டினால் 999.99 ரூபாய்தான் வரும். சோதனைக்குக் கருவி எடுத்துக்கொண்டவையோ 900, 1200 என்று மீதியின்றி வகுபடும் தொகைகள். விடுபட்ட பைசாவை எந்தத் தவணையில் சேர்ப்பது என்பது சங்கத்தின் கணக்கருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. "கடைசித் தவணையில் போடுங்கள், எங்கள் வழக்கம் அதுதான்" என்றார் அவர்.

நிரலாளர் வேலை இனி இருக்குமா என்று கேட்கும் மாணவர்களிடம் இந்த நிகழ்வைத்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கரிடம் கேட்டறிவதும், பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பதும் எங்கள் வேலையின் பெரும்பகுதி. 1957-இல் ஐபிஎம் நிறுவனம் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை அதன் கம்பைலரோடு, அதாவது மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் மென்பொருளோடு, வெளியிட்ட காலத்தில் அத்தகைய கம்பைலர்களைத் 'தானியங்கி நிரலாக்கம்' என்றே அழைத்தார்கள். அதன் பிறகு நிரலாளர்கள் பெருகவே செய்தார்கள். ஆயினும் அந்த வரலாற்றை மட்டும் காட்டி ஆறுதல் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. கம்பைலர் விதிப்படி இயங்குவது. இன்றைய கருவிகளுக்குள் இருக்கும் மொழி மாதிரியோ அடுத்த சொல்லை நிகழ்தகவைக் கொண்டு தேர்வதால், தவறும்போதும் சரியானதைப் போன்றே தோன்றும். இந்த மயக்கம் கைதேர்ந்தவர்களையும் விடுவதில்லை. 2025-இல் 'மீட்டர்' என்ற ஆய்வு அமைப்பு அனுபவமிக்க 16 நிரலாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், கருவியைப் பயன்படுத்த அனுமதித்த வேலைகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 விழுக்காடு விரைந்து முடித்ததாக நம்பியிருந்தார்கள்.

எனக்குள்ள உண்மையான அச்சம் புதியவர்களைப் பற்றியது. கருவி இன்று எளிதில் செய்துவிடும் சிறு வேலைகளில்தான் நாங்கள் எல்லோரும் கைபழகினோம். அவற்றை இளைஞர்களிடமிருந்து எடுத்துவிட்டால், இன்னும் பத்தாண்டுகளில் அந்த ஒரு பைசாவைத் தேடிப் பிடிக்கும் கண் யாருக்கு இருக்கும்?

எங்கள் குழுவில் இப்போது, கருவி எழுதிய நிரலைச் சேர்ப்பதற்கு முன், அதை எழுதச் சொன்னவர் வரிவரியாக விளக்க வேண்டும். சோதனைக்கான தொகைகளையும் அவரே தாளில் எழுதித் தர வேண்டும். அந்த இளைஞரின் பட்டியலில் முதல் வரி எப்போதும் இதுதான்: 100 ரூபாய், ஏழு தவணை.