வேலை போன மறுநாள்தான் முதல் நாள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, அலுவலகத்தைப் பூட்டுகிற நேரத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் எச்-1பி-யில், அதாவது அமெரிக்கக் கம்பெனி வெளிநாட்டு ஊழியருக்கு எடுக்கும் தற்காலிக வேலை விசாவில் இருந்தவர். கையில் ஒரு எக்செல் தாள். வேலை போன தேதி, பதினாறு வாரச் செவரன்ஸ் (வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி தரும் பணம்) முடியும் தேதி, அதற்குமேல் வேலை போனவர் இங்கே தங்க விதி தரும் அறுபது நாள் என்று மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் போட்டு வைத்திருந்தார். "இன்னும் 89 நாள் இருக்கு மேடம். புது ஆஃபர் வந்துடுச்சு. எச்-1பி ட்ரான்ஸ்பர் மட்டும் ஃபைல் பண்ணணும்" என்றார், நிம்மதியான குரலில்.

வேலை போய் அன்றைக்கு அவருக்கு 83-ஆவது நாள். அறுபது நாள் முடிந்தே மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் மனைவிக்கு முதல் நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. பையனின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

நியூஜெர்சியில் குடியேற்ற வழக்குகள் மட்டுமே பார்க்கிற வழக்கறிஞர் நான். இந்த வருடம் இதே கணக்கோடு வந்த ஐந்தாவது ஆள் இவர். ஐந்து பேரும் மென்பொருளில் பத்து வருடத்துக்குமேல் இருப்பவர்கள். ஒரு தேதி தப்பாக வந்தால் அலுவலகத்தில் உடனே டிக்கெட் போடுகிறவர்கள். சொந்த வாழ்க்கையின் தேதியை மட்டும் வாட்ஸ்அப் குழுவை நம்பி விட்டுவிடுகிறார்கள்.

அதனால் ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சலிப்பாக இருந்தாலும் படியுங்கள்.

எச்-1பி-யில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்ற விதி 2017 ஜனவரி 17-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு நாள் கூட எழுத்தில் கிடையாது. அந்தக் காலத்தையும் பார்த்தவள் நான். வேலை முடிந்த மறுநாள் இந்த அவகாசம் தொடங்குகிறது. வேலை முடிந்த நாள் எது? பொதுவாகச் சம்பளம் எந்த நாள் வரைக்குமானதோ அந்த நாள் என்கிறது அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ். வில்லங்கம் இங்கேதான். "செவரன்ஸும் சம்பளம் மாதிரிதானே, மாசாமாசம் கணக்கில் ஏறுதே, வரி கூடப் பிடிக்கிறாங்களே" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சரி, இப்படிப் பாருங்கள். சென்னையில் ஒரு வீட்டைக் காலி செய்கிறீர்கள். சாவியைக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸை மொத்தமாகத் தராமல் நாலு தவணையாகத் திருப்புகிறார். பணம் வந்துகொண்டிருக்கிறது என்பதற்காக நீங்கள் இன்னும் அங்கே குடியிருப்பதாக ஆகுமா? செவரன்ஸும் அப்படித்தான். போனவருக்குக் கொடுக்கிற பணம் அது, செய்த வேலைக்கான கூலி இல்லை. ஒரே தொகையாக வந்தாலும், பதினாறு வாரத்துக்குப் பிரித்துப் போட்டாலும், பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) பழையபடி கம்பெனி பெயரே அச்சாகி வந்தாலும், உங்கள் அறுபது நாள் ஒரு மணி நேரம் கூட நீளாது.

குழப்பத்துக்கு இன்னொரு அறுபதும் காரணம். நூறு பேரோ அதற்குமேலோ உள்ள கம்பெனி கூட்டமாக ஆட்களை நீக்கும்போது 60 நாள் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும் என்று வார்ன் சட்டம் இருக்கிறது. பல கம்பெனிகள் அன்றைக்கே லேப்டாப்பை முடக்கிவிட்டு, அந்த இரண்டு மாதமும் பேரோலில் (சம்பளப் பட்டியலில்) மட்டும் வைத்திருக்கும். 2022 நவம்பரில் மெட்டா பதினோராயிரம் பேரை அனுப்பிய காலத்திலிருந்து இந்த இரண்டு அறுபதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது ஊர்ப்பழக்கம் ஆகிவிட்டது. வேலை செய்யாமல் பேரோலில் இருக்கிற அந்த நாட்கள் வேலையில் இருந்ததாகக் கணக்காகுமா? ஆகும் என்று வாதாட இடம் இருக்கிறது. நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் அது நான் அதிகாரிக்கு எழுத வேண்டிய வாதம். அதை நம்பி நீங்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது. லேப்டாப் முடங்கிய மறுநாளையே முதல் நாள் என்று காலண்டரில் குறியுங்கள். ஹெச்ஆர் கடிதத்தில் இருக்கும் பிந்தைய தேதி அவசரத்துக்குக் கைவசம் இருக்கட்டும்.

பேரம் பேச இடம் இருந்தால் ஹெச்ஆரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். "செவரன்ஸைக் குறைத்துக்கொள்கிறேன், வேலை முடிகிற தேதியைத் தள்ளிப்போட்டுப் பேரோலில் வைத்திருங்கள்" என்று. எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் வந்து கேட்டுப் பயனில்லை.

இன்னொன்று. அறுபது நாள் அல்லது ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று நாட்டுக்குள் விடும்போது தரும் பதிவு) முடியும் நாள், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகும் நிலையில் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தால், விமான நிலையத்தில் பாஸ்போர்ட் முடியும் தேதி வரைக்கும்தான் ஐ-94 கொடுத்திருப்பார்கள். அனுமதித் தாளில் 2027 என்று இருக்கும், ஐ-94-இல் அடுத்த மாதம் இருக்கும். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையான சிபிபி-யின் இணையதளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதியைக் காட்டி "இது இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது வாசல் கதவைத் தட்ட உதவும் சீட்டு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த அறுபதும் முழுசாக உங்கள் கையில் இருப்பதில்லை. புதுக் கம்பெனி முதலில் தொழிலாளர் துறையில் எல்சிஏ (சம்பளம், வேலை நிலை பற்றிய உறுதிமொழிக்கான ஒப்புதல்) வாங்கவேண்டும், அதற்கே ஏழு வேலை நாள். இதுவரை எச்-1பி போடாத சின்னக் கம்பெனி என்றால் அதன் வரி எண்ணைச் சரிபார்க்க இன்னும் சில நாள். அப்புறம் பெட்டிஷன் தயாராகவேண்டும். அறுபதாவது நாளுக்குள் அது யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும், தபாலில் போட்டேன் என்பது செல்லாது. நான் சொல்கிற கணக்கு நாற்பது நாள். நாற்பதாவது நாளில் கையில் எழுத்துப்பூர்வமான ஆஃபர் இல்லை என்றால் மாற்று வழியைத் தொடங்கிவிடவேண்டும். "அஞ்சாவது ரவுண்டு முடிஞ்சிடுச்சு, அடுத்த வாரம் சொல்றாங்களாம்" என்பது ஆஃபர் இல்லை. லாட்டரி, அதாவது எச்-1பி-க்கு முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கல், அந்தப் பயம் மட்டும் வேண்டாம். ஒருமுறை தேர்வானவர் ஆறு வருடத்தில் மிச்சம் இருக்கும் காலத்துக்கு மறுபடி லாட்டரிக்குப் போகத் தேவையில்லை. நேரத்துக்குத் தாக்கல் செய்துவிட்டால், அது போய்ச் சேர்ந்ததுமே புது வேலையைத் தொடங்கலாம்.

மாற்று வழி என்றதும் எல்லோரும் பி-2, அதாவது சுற்றுலாப் பயணி நிலை, என்கிறார்கள். அறுபது நாளுக்குள் ஐ-539 என்ற நிலை மாற்ற விண்ணப்பம் போட்டால், முடிவு வரும்வரை இங்கே இருக்கலாம் என்பது உண்மை. அந்த நேரத்தில் வேலை தேடலாம், இன்டர்வியூ போகலாம், இதை யுஎஸ்சிஐஎஸ்-ஸே 2023-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அறுபது நாளுக்குப் பிறகு தாக்கலாகும் எச்-1பி-யில் ரசீதைக் காட்டி வேலையில் சேர முடியாது, அனுமதி வரும்வரை காத்திருக்கவேண்டும். பி-2 நிராகரிக்கப்பட்டால் அதன்மேல் கட்டியதும் சரியும். நிராகரிப்பு வரும்போது சட்டப்படி தங்க வேறு வழி இல்லாதவருக்குக் குடியேற்ற நீதிமன்ற அழைப்பாணை அனுப்பலாம் என்று 2025 பிப்ரவரி 28 முதல் கொள்கை இறுகியிருக்கிறது. பி-2-வை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள் என்கிறேன்.

முன்பெல்லாம் தேதி தவறியவர்களுக்கும் ஒரு வழி சொல்வேன். "ஊருக்குப் போங்க, புதுக் கம்பெனி பெட்டிஷன் போடட்டும், சென்னைத் தூதரகத்துல விசா ஸ்டாம்பிங் முடிச்சுட்டு வாங்க, நாலு மாசம் வீணாகும், அவ்வளவுதான்." இன்றைக்கு அது வாயில் வர மறுக்கிறது. 2025 செப்டம்பர் 19-இல் கையெழுத்தான அதிபர் பிரகடனம் அந்த வழிக்கு ஒரு லட்சம் டாலர் விலை வைத்தது. செல்லுபடியாகும் எச்-1பி விசா கையில் இல்லாமல் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதுப் பெட்டிஷனுக்கு அந்தத் தொகை. உள்ளேயே இருந்துகொண்டு, தேதி தவறியதால் தங்கும் நீட்டிப்பு மறுக்கப்பட்டாலும் அதே தொகை. எக்செல் தாளோடு வந்தவரின் விசா 2023-லேயே முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கேட்க விதியில் இடமுண்டு, ஆனால் நம் கைக்கு மீறிய அசாதாரணக் காரணம் காட்டவேண்டும். கணக்குத் தப்பு அதில் வராது. புதுக் கம்பெனியின் வழக்கறிஞரிடம் நானே பேசினேன். நாலாவது நாள் ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

திட்டியது போதும். இனி கெஞ்சுகிறேன்: வீட்டில் சொல்லுங்கள்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். வேலை போனதை யாரிடமும் சொல்லாமல் தினமும் காலை லேப்டாப் பையோடு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். 52-ஆவது நாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போன மனைவியிடம் இன்ஷூரன்ஸ் கார்டு செல்லாது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் வீட்டுக்குத் தெரிந்தது. இதில் கொடுமை என்னவென்றால், மனைவிக்குச் சொந்தமாகவே எச்-1பி இருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த வாரமே எச்-4-க்கு (எச்-1பி ஊழியரின் கணவர், மனைவி, பிள்ளைகளுக்கான நிலை) விண்ணப்பித்துவிட்டு, பதற்றமில்லாமல் வேலை தேடியிருக்கலாம். எச்-4-இலிருந்து மறுபடி எச்-1பி-க்கு மாறவும் லாட்டரி கிடையாது. 57-ஆவது நாள் போட்டோம். அந்த அம்மா என் அறையில் கணவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபாரத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார்.

ஊரில் அப்பா அம்மாவுக்குச் சொல்வது உங்கள் இஷ்டம். மனைவிக்கோ கணவருக்கோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் நிலையைச் சார்ந்துதான் அவர்களின் எச்-4-உம் நிற்கிறது, தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

கன்சல்டன்சி ஆட்களைப் பற்றி ஒரே பத்தி. "உங்க சம்பளத்தை நீங்களே எங்களுக்கு அனுப்புங்க, நாங்க பே ஸ்டப்பா திருப்பித் தர்றோம், ஸ்டேட்டஸ் ஓடிக்கிட்டே இருக்கும்" என்று போன் வரும். வேலை போன வாரத்திலேயே எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ. அது மோசடி. பின்னால் கண்டுபிடித்தால் ஆயுள் முழுக்க இந்த நாட்டு வாசலில் நிற்க நேரிடும். போனை வைத்துவிடுங்கள்.

கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடத்துக்குமேல் நிற்பவர்கள் முதலில் கேட்பது ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட பெட்டிஷன், என்னாகும் என்பதுதான். அனுமதியாகி 180 நாள் கடந்திருந்தால், பழைய கம்பெனி திரும்பப் பெற்றாலும் அதை வைத்து ஆறு வருடத்துக்குமேல் எச்-1பி நீட்டிக்கலாம். 180 நாளுக்குள் திரும்பப் பெற்றால் அந்த வசதி போகும். அப்போதும், மோசடி அல்லது பிழை என்று ரத்தாகாத வரை, வரிசையில் உங்கள் தேதி உங்களோடுதான் இருக்கும். அதற்கு அந்த அனுமதித் தாளின் நகல், குறைந்தது ரசீது எண், உங்களிடம் இருக்கவேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லாத் தாளும் கம்பெனி லேப்டாப்பில். காலை எட்டு மணிக்கு லாகின் போய்விட்டது. அப்புறம் ஹெச்ஆருக்கு மெயில் மேல் மெயில். வேலையில் இருக்கும்போதே எல்லா ஐ-797 (அனுமதித் தாள்), ஐ-140, எல்சிஏ, டபிள்யூ-2 (வருடச் சம்பள-வரிப் படிவம்), கடைசி பே ஸ்டப்புகள் எல்லாவற்றையும் சொந்த மெயிலில் போட்டு வையுங்கள். இன்றைக்கு வேலை இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒரு பணம். அனுமதிக் காலம் முடியும் முன்னே எச்-1பி ஊழியரைக் கம்பெனி நீக்கினால், அவர் ஊர் திரும்ப நியாயமான பயணச் செலவை அது கொடுக்கவேண்டும். இது விதி, சலுகை இல்லை. ஊழியருக்கு மட்டும்தான், குடும்பத்துக்குக் கிடையாது. நீங்களாக ராஜினாமா செய்தால் கிடைக்காது, அதனால் பிரிவுக் கடிதத்தில் எந்த வார்த்தை இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எக்செல் தாள்காரர் கேட்டார். இரண்டு மெயிலில் கொடுத்துவிட்டார்கள். போன சனிக்கிழமை நெவார்க்கிலிருந்து மூன்று பேரும் கிளம்பினார்கள். மனைவிக்கும் பையனுக்குமான டிக்கெட்டை அவர் செவரன்ஸ் பணத்தில் வாங்கியிருந்தார்.