குளிசை குரலில் கைவைக்குமா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவருக்குக் குரல் அடைத்தால் வீட்டில் முதலில் கொத்தமல்லி அவியும். அப்புறம் காலி வீதிப் புகைக்கும் அலுவலக ஏசிக்கும் திட்டு விழும். ஆனால் அவர் மனநல கிளினிக்கில் மருந்து எடுப்பவராக இருந்தால் ஒரே தீர்ப்புத்தான்: "எல்லாம் அந்தக் குளிசையால, விட்டுடு." முதல் பாதி சில வேளை உண்மை. இரண்டாம் பாதி ஆபத்து.

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்றில் அவை ஆண்களுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 100 தடவையும் பெண்களுக்கு 200 தடவையும் அதிர்கின்றன. அதற்கு அவை ஈரமாக இருக்க வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பிரிக்கும் சின்னத் தசைகளும் மூளை சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஈரத்தின் கதை சிறியது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள், நரம்புகளின் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தைத் தடுப்பதால் வாயும் தொண்டையும் காய்ந்து குரல் கரகரக்கும். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

தசைகளின் கதைதான் சிக்கல். 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மனநல சிகிச்சைக்கு வந்தது. அதை எடுத்த சிலர் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல விறைத்து நடப்பதை வைத்தியர்கள் விரைவிலேயே கவனித்தார்கள். இவ்வகை மருந்துகள் மூளையில் செய்தி கடத்தும் இன்னொரு இரசாயனமான டோபமினைத் தடுத்துத்தான் பிரமைகளை அடக்குகின்றன. ஆனால் அசைவுகளைச் சீராக நடத்துவதற்கும் அதே டோபமின் வேண்டும். அது தடைப்பட்டால் குரல் மெலிந்து, ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சுருதியில் வரும். வீட்டார் இதை மனச்சோர்வு என்றே நினைத்துவிடலாம்.

ஹாலோபெரிடால் போன்ற இவ்வகை மருந்துகளைத் தொடங்கிய முதல் சில நாட்களில், குறிப்பாக இளம் ஆண்களுக்கு, கழுத்துத் திருகி, கண் மேலே செருகி, தசைகள் இறுகலாம். அரிதாக அந்த இறுக்கம் குரல்வளையையே பிடிக்கும். மூச்சு இழுக்கும்போது கீச்சொலி கேட்டால் கொத்தமல்லிக்கு நேரமில்லை. இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்து ஆம்புலன்ஸ் கேட்க வேண்டும். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் ஊசி போட்டால் இறுக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தளரும். ஆம், தொண்டையைக் காயவைக்கும் அதே வேலைதான் இங்கே உயிர் காக்கிறது.

இதே மருந்துகளின் இன்னொரு வகைப் பக்கவிளைவு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்த பிறகு தலைகாட்டும். உதடும் நாக்கும் தாமாக அசையும். சிலருக்குக் குரல் நெரிபட்டது போல உடைந்து உடைந்து வரும். ஒரு குளிசையும் எடுக்காதவர்களுக்கும் இதே மாதிரிக் குரல் வருவதுண்டு என்பதால், எந்த மருந்து எப்போது தொடங்கியது, குரல் எப்போது மாறியது என்று வைத்தியர் துருவித் துருவிக் கேட்பார். மருந்தைத் திடீரென விட்டால் அதுவரை மறைந்திருந்த அசைவுகள் வெளிப்பட்டு முதலில் கூடவே செய்யலாம். பழைய வருத்தமும் திரும்பலாம். குறைப்பதா மாற்றுவதா என்பதை மனநல வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். குரல் நாண் தசையில் போடும், தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி சிலருக்கு உதவும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் அதன் பலன் குறைந்துவிடும்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் வேறு வழியில் வருகிறது. கை நடுங்குவது போலக் குரலும் நடுங்கலாம். அது தைராய்டைச் சோம்பவைத்தால் குரல் தடித்துக் கரகரக்கும். லித்தியம் எடுப்பவர்களுக்குத் தைராய்டு இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் பிறகு, கத்திப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு மருந்தே எடுக்காமலும் குரல் போகும். புகைப்பவருக்கும் நெஞ்செரிச்சல்காரருக்கும் அப்படியே. மூன்று நான்கு வாரமாகக் கரகரப்பு மாறாவிட்டால், எந்தக் குளிசை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், காது மூக்குத் தொண்டை வைத்தியர் மூக்கு வழியாகச் சிறு குழாய் விட்டு நாண்களைப் பார்க்க வேண்டும். புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம். போகும்போது மனநல கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். வெட்கப்பட்டு அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.