வெள்ளை வெளிச்சமும் ஒரு நிமிடமும்: கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் பலர் கோட்டை விடும் இடங்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. இதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்றினாலும் பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்ட சிலருக்குத்தான் செல்கள் மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றாக முற்ற, பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை பெரும்பாலும் வலியோ உதிரப்போக்கோ இருக்காது. ஏற்காட்டு காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்டு?" என்று கேட்டால் அதில் தப்பில்லை. ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் இந்த டெஸ்ட் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

அடிப்படைச் சோதனை எளிது. கர்ப்பப்பை வாய் தெரியும்படி விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியைப் போட்டு, சளியைச் சலைன் பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட்டு, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை நனைய நனையத் தடவிப் பார்ப்பது. மாறிய செல்களில் உட்கரு பெரியது, புரதமும் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுக்கிறது. சாதாரணத் தோலில் ஒளி உள்ளே இறங்கி, அடியிலுள்ள ரத்த நாளங்களின் சிவப்பைக் காட்டும். வெளுத்த இடத்தில் ஒளி மேலேயே சிதறித் திரும்பிவிடுவதால் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. சில நிமிடங்களில் அது மங்கிவிடும்.

தவறு நடப்பது இங்கேதான். அமிலம் தடவிப் 10 விநாடியில் பார்த்துவிட்டு "நார்மல்" என்று எழுதுவது நடக்கிறது. முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மனக்கணக்கு உதவாது, நேரம் எப்போதும் குறைந்தே போகும். சுவரில் விநாடி முள் உள்ள கடிகாரம் இருக்கட்டும். முற்றிய மாற்றம் என்றால் திட்டு அடர்த்தியாக, ஓரம் கூர்மையாக, வெளிப்புறத் தோலும் உள்வாய்த் தோலும் சேரும் எல்லையை ஒட்டி வரும், சீக்கிரம் மங்காது. ஓரம் கலைந்து, லேசாக வெளுத்துச் சட்டென்று மறைந்தால் பெரும்பாலும் சாதாரணத் தோல் மாற்றமோ, சிறு அழற்சியோதான். வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் என்று வீட்டில் சொல்லி அழவைத்துவிடாதீர்கள்.

அடுத்தது விளக்கு. மஞ்சள் பல்பிலும், சார்ஜ் இறங்கிய டார்ச்சிலும் மெல்லிய வெண்மை கண்ணில் படாது. நல்ல வெள்ளை எல்.இ.டி. வேண்டும். மலை மேல் மழைக்காலத்தில் கரண்ட் போவது சகஜம். பேட்டரி விளக்கு ஒன்று முழு சார்ஜில் இருக்கட்டும். இன்னொன்று: பனிமூட்டத்தில் குளிர்ந்த பையிலிருந்து எடுத்த பரிசோதனைக் கருவியின் லென்ஸ், ஆட்கள் நிறைந்த அறைக்குள் வந்ததும் வேர்த்துவிடும். முகாம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே கருவியை வெளியே எடுத்து வையுங்கள்.

அமிலம் கலக்கும்போது கணக்கு முக்கியம். 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லி கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலத்தை விட வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. தினமும் புதிதாகக் கலக்கி, தேதி எழுதி ஒட்டுங்கள். கலக்காத அமிலத்தின் பாட்டில் பரிசோதனை அறைக்குள் வரவே கூடாது, தோலைச் சுட்டுவிடும்.

சந்தேகம் இருந்தால் கால்போஸ்கோப். இது சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, பெரும்பாலும் 6 முதல் 15 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கி. இதில் பலர் தொடாமலே விடும் பொத்தான் பச்சை ஃபில்டர். ஹீமோகுளோபின் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் ரத்த நாளங்கள் கறுப்புக் கோடுகளாகத் துலங்கும். இதை அமிலத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். அமிலம் பட்டால் நாளங்கள் சுருங்கிவிடும். தடித்த புள்ளிகள், ஓடு பதித்தாற்போன்ற கட்டங்கள் தெரிந்தால் கவனம். நாளங்கள் திருகித் தாறுமாறாக ஓடினால் அங்கே சூடு வைத்துத் திட்டை அழிக்கும் சிகிச்சை கூடாது, சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான். கடைசியில்தான் லுகால் அயோடின் கரைசலைத் தடவுவது. அலர்ஜி உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். கிளைகோஜன் (செல்கள் சேமித்து வைக்கும் சர்க்கரை) உள்ள நல்ல தோல் கரும்பழுப்பாகும், மாறிய தோல் கடுகு மஞ்சளாக நிற்கும். அயோடின் துணியில் கறைபடும். கையோடு ஒரு நாப்கின் கொடுத்தனுப்புங்கள்.

செல்போன் கேமராவில் படம் எடுப்பவர்கள் ஃபோகஸைக் கர்ப்பப்பை வாயில் வைத்துப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் ஸ்பெகுலத்தின் பளபளப்பில் போய் நிற்கும். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸும் வெண்மையைக் கெடுக்கும். ஈரத்தின் பளிச்சிடல் வெள்ளைத் திட்டு போலவே தோன்றும். விளக்கிலும் கேமராவிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கும் போலரைசர் ஃபில்டர் அதைப் பெருமளவு அடக்கும்.

நீல ஒளியில் செல்கள் தாமே மினுங்குவதை அளக்கும் கருவிகள், ப்ரோஃப்ளேவின் சாயமிட்டு உட்கருவை அங்கேயே பார்க்கும் ஒளியிழைகள், படத்தை எடைபோடும் மென்பொருள் எல்லாம் வந்துகொண்டிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் மங்கலான படத்தை எந்த மென்பொருளும் தெளிவாக்காது. பணம் கொஞ்சமாக இருந்தால் முதலில் நல்ல விளக்கும் பயிற்சி பெற்ற நர்ஸும் என்பது எங்கள் கட்சி. திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் அசிட்டிக் அமிலச் சோதனை செய்து, 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கர்ப்பப்பை வாய்ப் புற்றால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு அந்தத் தோல் எல்லை உள்ளே ஏறிவிடும், கண்ணுக்குக் கிடைக்காது. அவர்களுக்கு வைரஸின் மரபணுவைத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையே சரி. 30 வயதுக்கு மேற்பட்ட மற்றவர்களுக்கும் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை அதைத்தான் உலக சுகாதார நிறுவனம் முன்வைக்கிறது. அது கிடைக்காத இடத்தில் 3 ஆண்டுக்கு ஒருமுறை அமிலச் சோதனை.

வரும் பெண்களுக்கு: மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். முந்தைய இரண்டு நாள் உடலுறவும், உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். திட்டு முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, புற்றுச் சந்தேகமும் இல்லையென்றால், 100 டிகிரி சூடான கருவி முனையைத் திட்டின் மேல் 20 முதல் 30 விநாடி வைக்கும் சிகிச்சையே போதும். அன்றே வீடு திரும்பலாம். பெரிதாகவோ உள்ளே ஓடியோ இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதுவார்கள். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போக வேண்டியிருப்பதால் பலர் அந்தச் சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். ஆகவே கிராம சுகாதார செவிலியரின் நோட்டில், அனுப்பிய தேதிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்த தேதிக்கும் ஒரு கட்டம் வேண்டும். சிகிச்சை முடிந்தவர்களை ஓராண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.