கஜார் ஓவியர்கள் நிழலைக் கையாண்ட விதம்

பழைய பாரசீக நுண்ணோவியங்களில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று சொல்லவே முடியாது. தொலைவில் இருக்கும் பொருளும் சிறுத்துப்போவதில்லை, படத்தின் மேற்பகுதிக்கு ஏறிக்கொள்ளும். காகிதத்தில் தீட்டிய நீர் வண்ணம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடுவதால், ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் மெல்லக் கரைப்பதும் கடினம்.

ஐரோப்பியரிடமிருந்து வந்த எண்ணெய் வண்ணம் இதை மாற்றியது. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து நாள்கணக்கில் மெதுவாக இறுகுகிறது. அந்த ஈரம் இருக்கும்வரை ஓவியர் கன்னத்தின் வெளிச்சத்தைத் தாடையின் நிழலோடு தூரிகையால் இழைத்துச் சேர்க்கலாம், தட்டையான முகம் உருண்டு எழும்.

இந்த நுட்பம் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஈரானின் இஸ்ஃபஹான் நகருக்கு வந்துவிட்டாலும், 1797 முதல் 1834 வரை ஈரானை ஆண்ட கஜார் வம்ச அரசர் ஃபத் அலி ஷாவின் அவையில்தான் ஆளுயரக் கித்தான்களில் அது ஓங்கியது. மிர்ஸா பாபாவும் மிஹ்ர் அலியும் தீட்டிய படங்களை நெருங்கிப் பாருங்கள். ஷாவின் முகத்தில் மென்மையான நிழல் உண்டு. இடுப்புவரை தொங்கும் கருந்தாடியும், முத்துகளும் கற்களும் பதித்த உடையும் ஏறக்குறையத் தட்டையாகவே விரிகின்றன. இதை அரைகுறைத் தேர்ச்சி என்று சிலர் கருதினார்கள். எனக்கு அது தெளிவான தேர்வாகவே படுகிறது: ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் நகைகளில் பாதி இருளில் மறைந்துவிடும்; அரசனின் பெருமையைப் பறைசாற்றும் படத்தில் ஒரு முத்தும் மங்கலாகாது. இப்படங்கள் தூதர்கள் வழியாக ஐரோப்பிய அரசர்களுக்கும் பரிசாகப் போயின.

1840-களில் இத்தாலி சென்று பயின்ற அபுல் ஹசன் கஃபாரி, அரசவை மனிதர்களை அவரவர் முகச்சுருக்கத்தோடும் களைப்போடும் வரைந்தார். அதே காலத்தில் ஒளிப்படக் கலையும் தெஹ்ரானுக்கு வந்தது. பின்னர் ஆண்ட கஜார் அரசர் நாசிருத்தீன் ஷா தாமே கேமராவை இயக்கினார்.

கஃபாரியின் உறவினரான கமாலுல் முல்க், தெஹ்ரானில் உள்ள கோலெஸ்தான் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைத் தீட்டப் பல ஆண்டுகள் செலவிட்டார். அந்தப் படத்தில் தரைவிரிப்பின் கோடுகள் தொலைவை நோக்கிக் கூடிச் செல்ல, ஆயிரக்கணக்கான கண்ணாடிச் சில்லுகள் சாளர வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. அத்தனை பெரிய மண்டபத்தில், சாளரத்தின் அருகே ஒரு நாற்காலியில், நாசிருத்தீன் ஷா மிகச் சிறிய உருவமாக அமர்ந்திருக்கிறார்.